ஓவியரைப் படம் எடுத்தவரே ஓவியங்களையும் விற்றவர்!

ஏலக்காரர்கள் 'விண்டேஜ் பிரிண்ட்' என்று சொன்னால், வெறும் பழைய போட்டோ என்று அர்த்தம் இல்லை. நெகட்டிவ் எடுத்து சில ஆண்டுகளுக்குள், புகைப்படக் கலைஞர் தன் கையாலோ தன் மேற்பார்வையிலோ போட்ட பிரதி அது. அதே நெகட்டிவில் ஐம்பது வருஷம் கழித்துப் போட்ட பிரதிக்கு அந்த மவுசு கிடையாது.

அப்படி ஒரு பிரதி, 2006 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த சோத்பீஸ் ஏலத்தில் 14.7 லட்சம் டாலருக்குப் போனது. படத்தில் இருப்பது இரண்டு கைகள். அவ்வளவுதான். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் அமெரிக்க நவீன ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப். எடுத்தவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ்.

ஸ்டீக்லிட்ஸைப் புகைப்பட மேதை என்றே பலரும் அறிவார்கள். ஆனால் அவர் பெரிய கலைச் சேகரிப்பாளர். நியூயார்க்கில் '291' என்ற கூடத்தை நடத்தியவர். மத்தீஸ், பிக்காசோ எல்லாம் அமெரிக்கர்களுக்கு அறிமுகமானதே அங்கேதான். 1916-ல் ஓ'கீஃபின் கரித்துண்டு ஓவியங்கள் தோழி ஒருவர் மூலம் அவர் கைக்கு வந்தன. வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே சுவரில் மாட்டிவிட்டார். சண்டை போடத்தான் ஓ'கீஃப் வந்தார். படங்கள் என்னவோ சுவரிலேயே இருந்தன!

மறு ஆண்டு அவரைப் படம் எடுக்க ஆரம்பித்த ஸ்டீக்லிட்ஸ், 1937 வரை விடவில்லை. முகம், கை, கழுத்து, நிர்வாண உடல் என 300-க்கும் மேற்பட்ட படங்கள். எல்லாம் சேர்ந்ததுதான் ஒரே ஆளின் உருவப்படம் என்பது அவர் கொள்கை. நடுவில் 1924-ல் இருவருக்கும் கல்யாணமும் ஆனது.

சிக்கல் இங்கேதான். 1921-ல் ஸ்டீக்லிட்ஸ் தன் படங்களைக் கண்காட்சியாக வைத்தார். அதில் ஓ'கீஃபின் உருவங்கள் நிறைய. ஊரே பேசியது. இரண்டே வருஷத்தில், அதே ஆண்டர்சன் கேலரியில் ஓ'கீஃபின் நூறு ஓவியங்களை அவரே வைத்தார். விமர்சகர்கள் கோட்டையும் வண்ணத்தையும் எங்கே பார்த்தார்கள்? முன்பு போட்டோவில் பார்த்த உடம்பையே ஓவியத்திலும் தேடினார்கள். அந்த வாசிப்பை ஓ'கீஃப் கடைசிவரை மறுத்தார். பூவைப் பூவாகப் பாருங்கள் என்று அவர் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்?

சரி, அவர் விரும்பித்தானே கேமரா முன் நின்றார் என்று கேட்கலாம். உண்மைதான். 1946-ல் ஸ்டீக்லிட்ஸ் இறந்த பிறகு, அவருடைய படங்களைத் தேர்ந்தெடுத்து வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்துக்குக் கொடுத்தவரும் ஓ'கீஃபேதான். தன் உருவப்படங்களை மட்டும் 1980-ல்தான் முழுசாக அங்கே ஒப்படைத்தார். படங்கள் அழகு என்பதிலும் சந்தேகமே இல்லை. பல்லேடியம் உலோகத்தில் அச்சிட்ட அந்தப் பிரதிகளின் மென்மையான சாம்பல் நிறம் அப்படி.

ஆனால் கேமராவைப் பிடித்தவர் ஒதுங்கி நின்று பார்த்தவர் இல்லை. ஓவியங்களைச் சுவரில் மாட்டியதும், விலை சொன்னதும், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ததும் அவரே. உருவப்படம் பரவப் பரவ ஓவியத்தின் விலையும் பேச்சும் ஏறின. அந்தப் பேச்சில் ஓவியர் சொல்ல நினைத்தது மட்டும் பின்னுக்குப் போனது. பேரழகான படம் ஒருபக்கச் சாட்சியமாகவும் இருக்க முடியும்தானே.

இப்போது இத்தகைய படங்களை மாட்டும் இடங்களில் கீழே பெயர், ஆண்டு, அச்சு முறை எல்லாம் சரியாகப் போடுகிறார்கள். 'எடுத்தவர் இந்த ஓவியரின் விற்பனையாளரும்கூட' என்று இன்னொரு வரி சேர்க்க எவ்வளவு இடம் பிடிக்கும்?