வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவிலே ஒரு மாத்திரை

போன தை மாதம் எங்க வாழைத் தோட்டத்தில் மூடாக்கை ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. "ஏதோ சுருக்குன்னுச்சு சார், முள்ளா இருக்கும்" என்றார். சருகுக்கு அடியிலிருந்து குக்கர் மாதிரி சீறல் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. காரில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அங்கே கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசையாமல் வைத்தார்கள். இருபது நிமிடம் கழித்து டாக்டர் அதைச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீராய் ஓடியது.

விரியன் விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பாதிதான் சரி. உறைவதற்கு உடம்பு வைத்திருக்கும் சரக்கையெல்லாம் விஷம் தாறுமாறாகச் செலவழித்துவிடுகிறது. பழைய தொழில் புத்தியில் சொன்னால், கணக்கில் இருந்த இருப்பு முழுக்க எடுத்தாச்சு. அப்புறம் எந்தச் செக் வந்தாலும் திரும்பும். அதனால்தான் ஈறில், சிறுநீரில், சில பேருக்கு மூளையிலேகூட ரத்தக் கசிவு.

இதற்கு இன்றைக்கு இருக்கிற ஒரே நிரூபணமான மருந்து விஷமுறிவு ஊசி. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவு சங்கத்தில் எடுக்கிற விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் ஏற்றித் தயாரிப்பது. ஆனால் அதை வரப்பில் வைத்துப் போட முடியாது. நரம்பில் ஏற்ற வேண்டும், ஒவ்வாமை வந்தால் சமாளிக்க டாக்டர் பக்கத்தில் வேண்டும். ஆக, வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே போகிற அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு நம்மிடம் ஒன்றுமே இல்லை.

அந்த இடைவெளிக்குத்தான் வேறு வியாதிகளுக்காக வந்த பழைய மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பாதரசம், ஆர்செனிக் நஞ்சுக்குக் கொடுக்கும் யூனிதயோல் என்ற மாத்திரை அதில் ஒன்று. விரியன் விஷத்தில் உள்ள ஒரு வகை நொதிக்கு வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும். இந்த மருந்து அந்தத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிறது. நெல்லுக்கு ஜிங்க் கீலேட் வாங்கித் தெளித்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. அங்கே பிடித்துக் கொடுக்கிறது, இங்கே பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆப்பிரிக்கச் சுருட்டை விரியன் விஷம் ஏற்றிய எலிகளுக்கு முதலில் இதையும் பிறகு விஷமுறிவு மருந்தையும் கொடுத்தபோது நன்றாகப் பிழைத்ததாக 2020-இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கென்யாவில் ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துப் பாதுகாப்புச் சோதனையும் நடந்தது.

இன்னொன்று வேரெஸ்பிளாடிப். இதய நோய்க்கு என்று கொண்டுவந்து அங்கே தோற்றுப்போன மருந்து. இதை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்பு கடித்தவர்களுக்கே கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் எதிர்பார்த்த வித்தியாசம் நிரூபணமாகவில்லை. கடித்துச் சீக்கிரமே கொடுத்தவர்களிடம் மட்டும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. இதை மறைத்துவிட்டு 'மாத்திரை வந்தாச்சு' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. ரத்தம் உறைவதால்தானே வம்பு என்று ஒரு காலத்தில் ஹெபாரின் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, பலன் இல்லை. கணக்கு காகிதத்தில் சரியாக வந்தால் மட்டும் போதாது.

அதனால் யாரும் இந்த மாத்திரையைத் தேடி மெடிக்கலுக்குப் போக வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின் போடவும் வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். சிறியாநங்கை என் வேலியோரமும் இருக்கிறது. விரியன் கடிக்கு அதை நம்பி ஐந்து நிமிடம்கூட நான் கழிக்க மாட்டேன். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

என் கேள்வி வேறு. காப்புரிமை முடிந்த பழைய மருந்தில் எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசுதான் போட வேண்டும், கேட்க வேண்டியது நாம்தான். விஷம் ஊருக்கு ஊர் மாறும். ஆப்பிரிக்கப் பாம்புக்குக் கேட்டது நம்ம கண்ணாடி விரியனுக்கும் கேட்குமா என்று இங்கேதான் பார்க்க வேண்டும். இங்கே விஷம் எடுக்கத் தெரிந்த இருளர்கள் இருக்கிறார்கள், மாவட்டந்தோறும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, 108 ஓடுகிறது. 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு ஆக்கியிருப்பதால் இனி கணக்கும் கிடைக்கும்.

இந்தக் கேள்வியில் நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. மூடாக்கு போட்டால் மண்புழு வரும், தவளை வரும், எலி வரும், பின்னாலேயே பாம்பும் வரும். வரட்டும், எலி பிடிக்க அதைவிட நல்ல ஆள் கிடையாது. ஆனால் அந்தச் சருகுக்குள் கை விடுவது பெரும்பாலும் கூலிக்கு வருகிறவர்கள். வங்கியில் இருந்தபோது 'கடன்தாரர் பாம்பு கடித்து மரணம்' என்று பயிர்க்கடன் கோப்பில் படித்திருக்கிறேன். அப்போது அது எனக்கு ஒரு வரி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் அப்படிப் போனவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று மதிப்பீடு.

அந்த அம்மா எட்டு நாளில் வீடு திரும்பினார். தோட்டத்தில் இப்போது ஆளுக்கொரு கம்பூட்ஸ், சருகைக் கிளற நீளக் கழி. வருகிற குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறேன்: நம்ம பாம்புகளின் விஷத்தில் இந்த மருந்துகளை அரசு செலவில் சோதிக்க வேண்டும், அதுவரை எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ராத்திரியும் விஷமுறிவு ஊசியும் அதைப் போட ஆளும் இருக்க வேண்டும் என்று. நகல் வேண்டுகிறவர்கள் கேளுங்க, தருகிறேன். உங்க மாவட்டத்திலும் கொடுக்கலாம்.