அளவுநாடாவும் தராசும்

பயிர் அறுவடைச் சோதனைக்கு வருவோர் கையில் இந்நாளில் கைப்பேசி தவறாது இருக்கிறது. நல்ல எஃகு அளவுநாடாவும் முத்திரையிட்ட தராசும் இருக்கின்றனவா என்பதே நமது கேள்வி.

2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஊரில் சில வயல்களில் துண்டுகள் அறுத்து நிறுத்தே ஊர் முழுவதற்குமான விளைச்சல் கணிக்கப்படுகிறது. நெல்லுக்குத் துண்டின் பக்கம் 5 மீட்டர். பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு. ஆகவே தராசு 100 கிராம் கூடுதலாகக் காட்டினால் ஹெக்டேருக்கு 40 கிலோ கூடிவிடும். நைந்த கயிறு 10 சென்டிமீட்டர் நீண்டுகொடுத்தாலோ துண்டு 26 சதுர மீட்டராகும். விளையாத நெல் ஏட்டில் விளைந்துவிடும். இழப்பீடு அவ்வளவுக்குச் சுருங்கும். பிரீமியம் செலுத்திய உறுப்பினர் அதனை அறியவும் மாட்டார். மழையில் நனைந்த கதிரின் ஈரத்தைத் தக்கபடி கழிக்காவிடில் நீரும் விளைச்சலாகக் கணக்கேறும். ஆதலால் ஈரமானியும் வேண்டும். (முழங்கால் காலணியும் வேண்டுமென்பர் சிலர். சேற்று வயலில் வெறுங்காலே மேல் என்பது நமது அனுபவம்.)

கருவி கொணர்வது சங்கத்தின் கடமையன்று எனலாம். உண்மையே. ஆயினும் அறுவடை காத்திராது. ஒவ்வொரு கடன் சங்கமும் ஒரு நாடா, ஒரு தராசு, ஓர் ஈரமானி வாங்கி வைத்து, சோதனை நாளன்று நிர்வாகக் குழுவினர் ஒருவரோடு வயலுக்கு அனுப்புதல் வேண்டும்.