மோட்டார் கொட்டகைக்கு ஒரு மீட்டர்: விலைக்கு முன்னால் எழுத்தைப் பாருங்கள்

விதையை முளைப்புத்திறன் பார்த்துத்தான் விதைக்கிறோம். மண்ணை அள்ளி முகர்ந்து பார்க்கிறோம். ஆனால், அந்த மண்ணுக்குத் தண்ணி தருகிற கரண்ட்டை மட்டும் குத்துமதிப்பாகவே கணிக்கிறோம். "பல்பு மங்கலா எரியுது, வோல்டேஜ் கம்மி போல" என்கிறோம். இந்தப் "போல"வுக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சமில்லை.

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆழ்குழாய்க் கிணறு பல நூறு அடி இறங்கியிருக்கிறது. மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போனது தெரியாமல் மோட்டாரைப் போட்டால் காயில் கருகிவிடும். காயில் கட்டுகிற கூலி ஒரு பக்கம். மோட்டாரை மேலே ஏற்றி, திரும்ப இறக்குகிற செலவும், அதுவரை வாடுகிற பயிரும் இன்னொரு பக்கம். ஆகவே, மோட்டார் வைத்திருக்கிற ஒவ்வொரு உழவரும் மீட்டர் பிடித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

"அதுக்குத்தான் வயர்மேன் இருக்காரே" என்பார்கள். இருக்கிறார். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு, நம் மாவட்டத்துக் கிராமங்கள் எத்தனை வாரம் இருட்டில் கிடந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் ஒரு வயர்மேன் எத்தனை தோட்டத்துக்குப் போவார்? பழுது பார்ப்பது அவர் வேலை. மோட்டாரைப் போடலாமா, வேண்டாமா என்று தெரிந்துகொள்வது நம் வேலை. மீட்டர் இந்த இரண்டாவது வேலைக்கு மட்டும்தான்.

திருப்புளி டெஸ்டர் போதாதா? போதாது. அதன் விளக்கு எரிவதே நம் உடம்பு வழியாகப் போகும் மிகச் சிறிய மின்சாரத்தால்தான். அது எத்தனை வோல்ட் என்று சொல்லாது. உள்ளே பல்பு செத்திருந்தால், உயிருள்ள கம்பியையும் செத்த கம்பி என்று காட்டிவிடும்.

சரி, எந்த மீட்டர் வாங்குவது? கடைவீதியில் முதலில் கையில் கொடுப்பது சில நூறு ரூபாய் மஞ்சள் மீட்டரைத்தான். டிராக்டர் பேட்டரி, டார்ச் செல், வயர் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது, இதற்கெல்லாம் அது தாராளமாகப் போதும். ஆனால், அதை ஸ்டார்ட்டர் போர்டு பக்கம் கொண்டுபோகவே கூடாது. இரண்டு பேஸுக்கு நடுவில் 415 வோல்ட் ஓடுகிற இடம் அது.

மீட்டரின் முகப்பில், ஒயர் செருகும் துளைக்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில் "கேட்" என்று எழுதி இரண்டு, மூன்று என்று ரோமன் எண் போட்டிருக்கும். அந்த மீட்டரை எந்த இடம் வரை கொண்டுபோகலாம் என்பதற்கான எல்லை அது. கேட் 2 என்றால் வீட்டில் பிளக்கில் செருகும் சாமான் வரை. கேட் 3 என்றால் ஸ்டார்ட்டர், மெயின் போர்டு போல நிலையாகப் பொருத்தியவை. கேட் 4 என்றால் கம்பத்திலிருந்து லைன் வந்து சேரும் இடம். எங்கோ இடி விழுந்தாலும் லைனில் ஒரு நொடிக்கும் குறைவாகப் பல ஆயிரம் வோல்ட் பாயும். 600 வோல்ட் கேட் 2 மீட்டர் 4,000 வோல்ட் அதிர்ச்சிக்கும், கேட் 3 மீட்டர் 6,000 வோல்ட் அதிர்ச்சிக்கும் தாங்க வேண்டும் என்பது விதி. தாங்காத மீட்டர் கையிலேயே வெடிக்கும். நமக்குக் குறைந்தது கேட் 3, 600 வோல்ட். ஒயருக்கும் அதே எழுத்து இருக்க வேண்டும். எழுத்தைச் சும்மா அச்சடிக்கிறவர்களும் உண்டு. அதனால் பெயர் தெரிந்த நிறுவனத்தின் பொருளை, பில் போட்டு வாங்குங்கள். நாசிக்கிலேயே மோட்வானே, ரிஷப் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன.

இன்னொரு ஆபத்து ஆம்பியர் துளை. சிவப்பு ஒயரை அதில் செருகியிருப்பதை மறந்து வோல்டேஜ் பார்க்கப் போனால், இரண்டு பேஸையும் நேரே ஒரு கம்பியால் இணைத்த மாதிரி ஆகிவிடும். நல்ல மீட்டரில் மணல் அடைத்த பீங்கான் பியூஸ் அதைத் தடுக்கும். மலிவு மீட்டரில் அந்தத் துளைக்குப் பல நேரம் பியூஸே கிடையாது. எப்போதாவது எடுக்கிறவனுக்குத்தான் இந்த மறதி வரும்.

ஆகவே என் யோசனை, கேட் 3 போட்ட கிளாம்ப் மீட்டர். ஆம்பியரை ஒயரின் மேலே கவ்வியே பார்த்துவிடலாம், ஆம்பியர் துளையே இல்லாத மாடலாகக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் கவ்வ வேண்டும். மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியரை விடக் கூடுதலாக இழுத்தால், மோட்டார் திணறுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அளவைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ரேஞ்சும் இருந்தால் நல்லது.

விலை மஞ்சள் மீட்டரைப் போலப் பல மடங்கு. ஒரு ஆளுக்குப் பாரம் என்றால், பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து வாங்கலாமே. விசைத்தெளிப்பானைப் பொதுவில் வைத்துக்கொள்வது நமக்குப் புதுசா?

வாங்கியதும் முதல் தடவை வயர்மேனை அருகில் வைத்துப் பழகுங்கள். காய்ந்த கை, காய்ந்த பலகை, ரப்பர் செருப்பு. மழை, இடி நேரத்தில் வேண்டாம். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஓடும்போது பார்த்தால், போன பேஸும் இருப்பது போலக் காட்டும். மூன்று பேஸையும் இரண்டிரண்டாகப் பாருங்கள், மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். கரண்ட் இல்லை என்று காட்டினால் உடனே நம்பாதீர்கள். உயிருள்ள இடத்தில் ஒரு தடவை வைத்து, மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். சோலார் வேலியில் இதை வைக்கவே வேண்டாம், அதன் துடிப்பு பல ஆயிரம் வோல்ட், அதற்குத் தனி டெஸ்டர் உண்டு. அறுந்து கிடக்கும் லைனை எந்த மீட்டராலும் சோதிக்காதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் கிடந்து கசிந்துவிடும். பேட்டரி இறங்கிய மீட்டர் பொய் சொல்லும்.

விஷமில்லாமல் விளைவிக்கிறோம். அந்த விளைச்சலுக்குத் தண்ணி பாய்ச்சுகிற ஆளும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் அல்லவா?