உயிர் காக்கும் கல்வி குடிசைக்கும் வரட்டும்!

கண்ணெதிரே ஒரு மனிதன் சுருண்டு விழுகிறான். கூட்டம் கூடுகிறது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். இன்னொருவர் இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். மூன்றாமவர் சோடா வாங்க ஓடுகிறார். நான்காமவர் ஆட்டோவைத் தேடித் தெருமுனைக்குப் போகிறார். எல்லாரும் ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள். செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் எவரும் செய்வதில்லை. ஆட்டோ வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. "விதி அவ்வளவுதான்" என்று சொல்லிக் கலைந்து போகிறோம்.

விதி அல்ல, அறியாமை. அதுவும் நாமாகத் தேடிக்கொண்ட அறியாமை அல்ல. நமக்கு யாரும் கற்றுக் கொடுக்காததால் வந்த அறியாமை. இதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது, ஆனால் நோயாளிக்கு நினைவு இருக்கிறது. அவருக்கு வேண்டியது மருத்துவமனை. இதய நிறுத்தத்திலோ துடிப்பே நின்றுவிடுகிறது. மனிதன் நினைவிழக்கிறான், மூச்சு நிற்கிறது அல்லது விட்டு விட்டுத் திணறுகிறது. அந்த நேரத்தில் அருகில் இருப்பவனின் இரு கைகள்தான் அவனுக்கு மருத்துவமனை. எதுவும் செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும்.

இதற்கான மருந்து 1960-லேயே கண்டறியப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், நெஞ்சை அறுக்காமல் வெளியிலிருந்து கைகளால் அழுத்தியே ரத்த ஓட்டத்தை நிலைநிறுத்த முடியும் என்று காட்டினார்கள். மூவரில் கூவன்ஹோவன் மருத்துவரே அல்லர், மின்பொறியாளர். இரண்டு கைகள் இருந்தால் யாரும் எங்கும் இதைச் செய்யலாம் என்ற உண்மையை அவர்கள் உலகுக்குச் சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சி.பி.ஆர். என்று இன்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

தலைநகரில் இந்தக் கல்வியைச் சாதாரண மக்களிடம் கொண்டு சென்றவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் டாக்டர் கே.கே. அகர்வால். ஹார்ட் கேர் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா என்ற அமைப்பின் மூலம் பள்ளி மாணவர்களுக்கும் காவலர்களுக்கும் பொதுமக்களுக்கும் இலவசமாகப் பயிற்சி அளித்தவர். எளிய மனிதனும் மறக்காதபடி அவர் ஒரு சூத்திரம் வகுத்தார். இதயம் நின்ற பத்து நிமிடத்துக்குள், குறைந்தது பத்து நிமிடத்துக்கு, நிமிடத்துக்குப் பத்துப் பத்தாக நூறு தடவை நெஞ்சை அழுத்து! இவ்வளவுதான். 2010-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அந்த மருத்துவர், 2021 மே மாதம் கொரோனாவுக்குப் பலியானார். நோயுற்ற நிலையிலும் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மக்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. அவரை நன்றியுடன் நினைக்கிறோம்.

அவர் ஒருவர் மட்டுமல்லர். இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கத்தினர் 2017-இல் நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ற வழிமுறையை வகுத்தார்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குபவரும் செய்யக்கூடியதாக, நெஞ்சழுத்தம் ஒன்றையே பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தார்கள். 2023 டிசம்பர் 6-ஆம் நாள் தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் நாடு முழுவதும் நடத்திய நிகழ்ச்சியில் ஒரே நாளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். விடுமுறை நாளிலும் கூலி வாங்காமல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் மருத்துவர்கள் நாட்டில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தொண்டுக்குத் தலைவணங்குகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பொம்மை இதுவரை எந்த வாசலில் இறங்கியிருக்கிறது? கல்லூரி அரங்கில் இறங்குகிறது, அலுவலகக் கூடத்தில் இறங்குகிறது, குளிர்சாதன மண்டபத்தில் இறங்குகிறது. நம் மக்கள் வாழும் வாசலில் இறங்கியதா?

ஜங்புரா மதராசி கேம்ப்பை நம் வாசகர்கள் அறிவார்கள். பாராபுல்லா சாக்கடை ஓரத்தில், பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். 2025 ஜூன் முதல் நாள், உயர்நீதிமன்ற ஆணைப்படி அங்கிருந்த ஏறத்தாழ 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதி உண்டென்று கணக்கிடப்பட்ட ஒரு பகுதியினருக்கே நரேலாவில் மாற்றுக் குடியிருப்பு கிடைத்தது. மற்றவர்கள் வாடகை வீடு தேடிச் சிதறினார்கள். இடித்தது சரியா தவறா என்ற வழக்கை இங்கே மீண்டும் எடுக்கவில்லை. ஒரே ஒரு தூரத்தை மட்டும் அளக்கிறோம்.

2019-இல் எய்ம்ஸ் மருத்துவமனையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 'மிஷன் டெல்லி' என்ற திட்டத்தைத் தொடங்கின. நெஞ்சுவலி என்று அழைத்தால் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மோட்டார் சைக்கிளிலேயே வீடு தேடி வருவார்கள். நல்ல திட்டம்தான். அதன் எல்லை, எய்ம்ஸைச் சுற்றி மூன்று கிலோமீட்டர். ஜங்புராவில் இருந்தவரை நம் மக்கள் அந்த எல்லைக்குச் சற்று வெளியே இருந்தார்கள். இன்று நரேலாவிலிருந்து எய்ம்ஸ் போகச் சாலை வழியே நாற்பது கிலோமீட்டருக்கும் மேல்! நரேலாவிலும் அரசு மருத்துவமனை உண்டு என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனை பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும் நான்கு நிமிடத்தில் நோயாளியை அங்கே சேர்க்க முடியாது என்பதுதானே இந்த நோயின் கொடுமை!

2024 ஜூலையில் தில்லி விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் முதியவர் ஒருவர் விழுந்தபோது, பயணியாக வந்திருந்த பெண் மருத்துவர் ஒருவர் நெஞ்சை அழுத்தி அவரை மீட்டார். படமெடுத்தவர்கள் பரப்பினார்கள், நாடே பாராட்டியது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் விமான நிலையத்தில் தற்செயலாக ஒரு மருத்துவர் கிடைப்பார். நரேலாவின் நாலாம் மாடியில் இரவு இரண்டு மணிக்குக் கிடைப்பவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இன்னொன்றையும் தலைநகர் எண்ணிப் பார்க்கவில்லை. நம் சகோதரிகள் வீட்டு வேலை செய்யும் வீடுகளில் பகல் பொழுதில் இருப்பவர்கள் யார்? பிள்ளைகள் வெளிநாட்டில், மருமகள் அலுவலகத்தில். தனியாக இருக்கும் முதியவரும் வேலைக்கு வந்த நம் பெண்ணும்தான். அவர் விழுந்தால் முதலில் ஓடி வரப்போவது அவள் கை. அடுத்தது வாசலில் நிற்கும் காவலாளி, துணி தேய்ப்பவர், கார் ஓட்டுநர். இந்நகரத்தின் முதல் மருத்துவ உதவியாளர்கள் இவர்களே. இவர்களுக்குக் கற்பிப்பது ஏழைக்குப் போடும் பிச்சையல்ல. நகரம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வழி. சி.பி.ஆர். தெரிந்த ஒரு பெண் தன் கணவனையும் காப்பாற்றுவாள், தன் எஜமானியையும் காப்பாற்றுவாள்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு டென்மார்க் பதில் சொல்கிறது. அங்கே 2005-இல் தொடக்கப் பள்ளிகளிலும், 2006-இல் வாகன ஓட்டுநர் உரிமம் பெறுபவர்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2001-இல் நூறு பேர் விழுந்தால் 21 பேருக்கே அருகிலிருந்தவர் நெஞ்சழுத்தம் கொடுத்தார். 2010-இல் அது 45 ஆயிற்று. முப்பது நாள் கடந்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு மூன்றரையிலிருந்து ஏறத்தாழ பதினொன்றாக உயர்ந்தார்கள். இதை மறைக்காமல் சொல்கிறோம்: கற்றுக்கொண்டால் எல்லாரையும் காப்பாற்றிவிடலாம் என்பதில்லை. பெரும்பாலோர் அப்போதும் இறக்கவே செய்கிறார்கள். ஆனால் மூன்று மடங்குப் பேர் வீடு திரும்புகிறார்கள். அந்தப் பதினொருவரில் ஒருவர் நம் வீட்டவராக இருக்கலாமே!

கைகளோடு கருவியும் வேண்டும். டீஃபிப்ரிலேட்டர் என்பது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் நேராக்கும் பெட்டி. 1965-இல் பெல்ஃபாஸ்டில் டாக்டர் பான்ட்ரிட்ஜ் அதை முதன்முதலாக ஆம்புலன்சில் ஏற்றியபோது அதன் எடை ஏறத்தாழ 70 கிலோ. இன்று ஒரு கைப்பையளவுதான். இரண்டு ஒட்டுப்பட்டைகளை நெஞ்சில் ஒட்டினால் போதும். இதயத்தைச் சோதித்து, என்ன செய்ய வேண்டும் என்று கருவியே வாய்விட்டுச் சொல்லும். தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் பிழைத்தார்கள். சூதாடிக்குக் கிடைத்த பாதுகாப்பு உழைப்பவனுக்கு வேண்டாமா?

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில், இரண்டு தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தக் கருவியை வைத்திருக்கிறார்கள். நரேலாவில் இருப்பதும் அரசு கட்டிய அடுக்குமாடிதான். ஒரு கருவியின் விலை ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். ஒரு திறப்பு விழாவின் பந்தல் செலவு!

ஆகவே நாம் கேட்பது இது. முதலாவதாக, தில்லி அரசு ஒவ்வொரு மறுகுடியேற்றக் குடியிருப்பிலும் இந்தப் பயிற்சியை நிரந்தர ஏற்பாடாக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையிலோ இரவிலோ, அவரவர் தாய்மொழியில் அது நடக்க வேண்டும். இரண்டாவதாக, நரேலா போன்ற குடியிருப்புகளில் இரவு பகல் திறந்திருக்கும் இடத்தில் டீஃபிப்ரிலேட்டர் வைக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் அல்ல. மூன்றாவதாக, பள்ளிப் பாடத்தில் இது கட்டாயமாக வேண்டும். தமிழகம் 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே மருந்தைக் கொண்டு சென்றது. 2023-இல் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே கொடுக்க வேண்டிய 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

மருத்துவர்களின் தொண்டு வாழ்க! ஆனால் தொண்டைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவிவிடக் கூடாது. தொண்டர் வரும் ஞாயிறு உண்டு, வராத ஞாயிறும் உண்டு. உரிமைக்கு விடுமுறை கிடையாது.

அரசைக் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்கலாமா? தலைநகரில் தமிழ் மருத்துவர்களும் செவிலியர்களும் மருத்துவ மாணவர்களும் பலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு நரேலாவுக்கு வாருங்கள் என்று அவர்களை அழைக்கிறோம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதைக் கற்பிக்கலாம். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெற்றோருக்குக் கற்பிப்பார்கள். பொங்கல் விழாவில் பட்டிமன்றத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கும் நம் சங்கங்கள், அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கலாம்.

இரண்டு தயக்கங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒன்று, போலீஸ் பயம். சாலை விபத்தில் உதவுபவரைத் துன்புறுத்தக் கூடாதென்ற நெறிமுறைகளுக்கு உச்சநீதிமன்றம் 2016-இல் சட்ட வலுக் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் பாதுகாப்புச் சேர்ந்தது. மற்ற இடங்களிலும், நினைவிழந்தவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டமும் சொன்னது, இன்றைய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது. மற்றொன்று, பெண் விழுந்தால் நெஞ்சைத் தொடலாமா என்ற கூச்சம். கூச்சத்துக்காக ஒரு தாயைப் பறிகொடுப்பது எந்த ஊர்ப் பண்பாடு? பெண்கள் அதிகமாகக் கற்றுக்கொண்டால் இந்தத் தடையும் தானே விலகும்.

பயிற்சி வரும்வரை இதையாவது மனத்தில் வையுங்கள். விழுந்தவரைத் தோளில் தட்டி அழையுங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பதிலும் இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால், ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். மற்றவர் நோயாளியைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நடுநெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மேலே மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல் இரண்டு அங்குல ஆழம் அழுத்தட்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் ஊத வேண்டும். அதைப் பயிற்சியில்தான் முறையாகக் கற்க முடியும்.

பிழைப்புத் தேடி ஆயிரம் காதம் கடந்து வந்தவர்கள் நாம். இந்நகரின் வீடுகளைத் துடைத்ததும் தெருக்களைக் கூட்டியதும் கட்டடங்களுக்குக் கல் சுமந்ததும் நம் கைகள். அந்தக் கைகளுக்கு உயிர் மீட்கும் வித்தையையும் கொடுங்கள் என்று கேட்கிறோம். கொடுக்கும் நாள்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.