அடித்து நிமிர்த்திய ஆர்ம்!



தலைப்பைப் பார்த்ததும், "மலரிலும் ஒர்க் ஷாப்தானா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கவிதை எழுத நம்ம வகுப்பில் நாலு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வண்டியின் அடிப்பக்கம்தான்.

எங்க ஊர் கரிவலம்வந்தநல்லூர். அப்பா பழைய மாருதி ஆம்னி ஓட்டுகிறார். விடியற்காலையில் சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை, எட்டு மணிக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அந்த வண்டி ஓடித்தான் நான் பாலிடெக்னிக் வரைக்கும் வந்திருக்கிறேன். எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்.

போன வருஷம் ஒரு பள்ளத்தில் விழுந்து இடதுபக்க லோயர் ஆர்ம் வளைந்துபோனது. ஒரு ஒர்க் ஷாப்பில் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நிமிர்த்திக் கொடுத்தார்கள். புது ஆர்ம் வாங்கும் காசு மிச்சம் என்று அப்பாவுக்குச் சந்தோஷம். மூன்றே மாதம்! வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது, சூடு காட்டிய இடத்திலேயே ஆர்ம் விட்டுப்போய், சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது. உள்ளே ஆறு பிள்ளைகள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதுவே ராஜபாளையம் ரோட்டில், எதிரே லாரி வரும்போது நடந்திருந்தால்...? அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவே இல்லை.

ஆம்னியின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்பெர்சன் என்ற எஞ்சினியர் 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் காருக்காக யோசித்தது. பிறகு அவர் ஃபோர்டுக்குப் போக, 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. டாடா சுமோ மாதிரி மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம் என்று இதில் கிடையாது. மேல் ஆர்மின் வேலையை ஸ்ட்ரட்டே பார்த்துக்கொள்ளும். கீழே இருப்பது ஒன்றே ஒன்று. அது போனால் சக்கரத்தின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை! எஃகைக் கண்டபடி காய்ச்சினால் பலம் குறையும் என்று நாமும்தான் படித்தோம், பரீட்சைக்கு.

வளைந்த ஆர்மை நிமிர்த்தவே கூடாது, வெல்டும் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது கம்பெனி ஆர்ம், பால் ஜாயின்ட், புஷ் இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். பளபளவென்று பெயிண்ட் அடித்துப் பாதி விலைக்கு வருவதைக் கையில் வாங்கி, பால் ஜாயின்ட்டை ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

"பாலியூரித்தேன் புஷ் போட்டா சூப்பரா இருக்கும்டா" என்கிறார்கள் நம்ம நண்பர்கள் சிலர். ரேஸ் வண்டிக்குச் சரி, திருப்பத்தில் சக்கரம் அசையாமல் நிற்கும். ஆனால் அது ரப்பரைவிட இறுக்கம். குழியின் அதிர்வை அப்படியே பாடிக்கு அனுப்பும், கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடும். பூ மூட்டைக்கும் பிள்ளைகளுக்கும் அது எதுக்கு? வண்டியைத் தூக்கலாகக் காட்ட ஸ்பேசர் வைப்பதும் அப்படித்தான். ஆர்ம் சரிந்து நிற்கும், அலைன்மென்ட் மாறும், டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது ஆர்ம் போட்ட நாலாம் மாதமே புஷ் கிழிந்தது. இந்தத் தடவை பொருளில் குறை இல்லை, மாட்டியதில்தான் குறை. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், எத்தனை நாள் தாங்கும்? போல்ட்டை லேசாகப் பிடித்து, சக்கரத்தைத் தரையில் ஊன்றி, வண்டியை நாலு அமுக்கு அமுக்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. அப்புறம் அலைன்மென்ட். இதற்குச் செலவு கால்மணி நேரம்.

அடுத்த புஷ்ஷை நானே மாட்டினேன். அப்பா பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போதெல்லாம் நான் சக்கரத்தில் கை வைத்தாலே, "ஏலே, கீழ எறக்கிட்டுத்தான முறுக்குன?" என்று கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்புகிறார்.