அழைப்பு அயலில் தொடங்கட்டும்

கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, ஞாயிறு பாடசாலையில் வளர்ந்து, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஒரு பிள்ளை, "நான் ஊழியத்துக்குப் போகப் போகிறேன்" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? பெற்றோர் கலங்குகின்றனர். போதகர் மகிழ்ந்து ஜெபிக்கின்றார். சபையார் வேதாகமக் கல்லூரிக்கான விண்ணப்பப் படிவத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, தம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றனர். அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டாரை அறிந்திருக்கிறதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

பாண்டிருப்பு போன்ற ஊரில் இது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியன்று. வடக்கே மருதமுனையில் முஸ்லிம் நெசவாளரின் தறிகள் ஓடுகின்றன. தெற்கே கல்முனை நகரம், அதைத் தொட்டபடி கல்முனைக்குடி, சாய்ந்தமருது, அதற்கப்பால் காரைதீவு. ஊருக்குள் திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பைக் காண அயலூர்களெல்லாம் திரண்டு வரும். இவற்றினிடையே நாம் ஒரு சிறு தொகையினர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோர் வாயிலும் தமிழே வருகிறது. ஆயினும் ஒரே நகருக்குள் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என இரண்டு வைத்தியசாலைகள் இருக்கின்றன. பிரதேச செயலக விவகாரம் பல்லாண்டுகளாக மனங்களைப் பிரித்து வைத்திருக்கின்றது. ஒரே மொழி பேசுவோர் ஒருவரையொருவர் அறியாமல் வாழும் இந்தக் கரையில், "அழைப்பு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நாம் ஆற அமர யோசிக்க வேண்டும்.

வேதத்தில் வரும் சாமுவேல் ஆலயத்திலேயே வளர்ந்த பிள்ளை. ஆலயக் கதவுகளைத் திறப்பது அவனுடைய அன்றாட வேலை. அப்படியிருந்தும் இரவில் அழைத்த குரல் யாருடையதென்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று முறையும் முதியவர் ஏலியிடமே ஓடினான். அது கடவுளின் குரல் என்பதைக் கண் மங்கிய அந்த முதியவரே விளங்கிக்கொண்டார். மறுநாள் காலை, தம் குடும்பத்துக்கே எதிராக வந்த செய்தியையும் மறைக்காமல் சொல்லும்படி கேட்டார். ஆலயத்தில் வளர்ந்த காரணத்தால் ஒரு பிள்ளைக்குத் தன் அழைப்பு தானாக விளங்கிவிடுவதில்லை. அதை விளங்கவைக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது. அப்பிள்ளை கொண்டுவரும் செய்தி தங்களுக்குக் கசப்பானாலும் கேட்கும் துணிவும் அப்பெரியவர்களுக்கு வேண்டும்.

விசுவாசத்தில் வளர்ந்த ஒருவரின் அழைப்பு எவ்வாறு முதிர்ந்தது என்பதற்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874 ஆம் ஆண்டு ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர். வாலிப வயதில் வை.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902 இல் யாழ்ப்பாணம் வந்தபோது, இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் சேர்த்துக் கடலுக்கு அப்பால் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டார். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாயிருந்த திருநெல்வேலி மக்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை என்ற கேள்வி அவரைத் தைத்தது. அடுத்த ஆண்டே, 1903 இல், இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் உருவானது. அதற்கு ஆட்களும் பணமும் உள்நாட்டுச் சபைகளிலிருந்தே வரவேண்டும் என்பது விதி.

நம் ஈழத்துச் சபைகள் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி இது. அன்று யாழ்ப்பாணத்து விசுவாசிகள் செய்தது ஒரு பெரிய மனிதரின் அழைப்புக்குத் திரியேற்றியது. அசரியாவும் பிறரை அனுப்பிவிட்டுச் செயலாளர் நாற்காலியில் அமர்ந்திருக்கவில்லை. 1909 இல் அந்த வேலையை விட்டு, குருப்பட்டம் பெற்று, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குத் தாமே போனார். வேற்று மொழியைக் கற்று, ஏழை எளிய மக்களோடு வாழ்ந்தார். 1912 இல் அங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1939 இல் அங்கே அபிஷேகம் செய்யப்பட்ட பேராலயத்தில் இந்துக் கோயிலின் தூண்களையும் பள்ளிவாசலின் குவிமாடங்களையும் நினைவூட்டும் வேலைப்பாடுகளைக் காணலாம். அயலாரின் கலையைக் கண்டு அவர் அஞ்சவில்லை.

நம் கரைக்கும் அப்படி வந்தவர்கள் உண்டு. வில்லியம் ஓல்ட் என்ற இளம் மெதடிஸ்த ஊழியர் 1814 இல் மட்டக்களப்புக்குத் தனியாக வந்தார். கடற்பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். 1815 ஏப்ரலில் அவரும் இறந்துபோனார். ஓராண்டு கூட நிறையாத அந்தக் காலத்தில் அவர் பிரசங்கத்தோடு பாடசாலைகளையும் தொடங்கினார். அவர் பின்னால் வந்தவர்கள் அவ்வேலையைத் தெற்கே கல்முனை வரை கொண்டுவந்தனர். 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தம் இளமையில் கற்றது கல்முனை மெதடிஸ்த பாடசாலையில்தான். பின்பு அவர் இராமகிருஷ்ண மிஷன் துறவியாகி, தாமும் பாடசாலைகளை வளர்த்தார். மட்டக்களப்பின் சிவானந்த வித்தியாலயம் 1929 இல் எழுந்தது அவரது முயற்சியால்தான். "நம் பாடசாலையில் படித்தவர் நம்மிடம் வரவில்லையே" என்று சிலர் கவலைப்படலாம். இதைக் கவலைக்குரிய கதையாக நான் கருதவில்லை. கொடுத்த கல்விக்குக் கூலி கேட்காதபோதே அது கிறிஸ்துவின் பணியாகிறது.

கூலி கேட்ட காலத்தையும் நம் மக்கள் கண்டிருக்கின்றனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என எவர் வீட்டையும் அலை விட்டுவைக்கவில்லை. அன்று உண்மையான அன்போடு வந்தவர்கள் பலர். நிவாரணப் பொதியோடு மதமாற்றக் கைந்நூலையும் நீட்டிய சில வெளியூர்க் குழுக்களும் வந்தன. அவர்கள் போய்விட்டார்கள், சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது. மதமாற்றத்தைக் கட்டுப்படுத்துவதற்காக அதே 2004 இல் பாராளுமன்றத்துக்கு வந்த சட்டமூலம் நிறைவேறவில்லை. ஆனால் அதை ஆதரித்தவர்களின் மனக்குறை எங்கிருந்து வந்ததென்று நாம் நம்மையே கேட்க வேண்டும்.

அதைவிடக் கொடிய நாளும் வந்தது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற சிறுவர் சிறுமியரும் இறந்தனர். விசுவாசத்தில் வளர்ந்துகொண்டிருந்த நம் பிள்ளைகள் அவர்கள். ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதுவில் ஒரு வீட்டில் மறைந்திருந்த அக்குழுவினர் தம்மைத் தாமே வெடிக்கவைத்து மடிந்தனர். அவ்வீட்டில் சந்தேகத்துக்கிடமான ஆட்கள் இருக்கின்றனர் என்ற தகவலைக் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்கள். இந்த இரண்டாவது செய்தியை நம் ஞாயிறு பாடசாலைகளில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? முதலாவது செய்தியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை ஊழியத்துக்குப் புறப்பட்டால், அப்பிள்ளை கொண்டுபோவது நற்செய்தியாக இராது. பயமும் கோபமுமே அதனோடு போகும்.

எனவே என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். அழைப்பை உணரும் பிள்ளையைச் சபை உடனே கல்லூரிக்கு அனுப்பக்கூடாது. இரண்டு ஆண்டுகள் ஊரிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு மேடையும் ஒலிபெருக்கியும் தேவையில்லை. இரண்டு வைத்தியசாலைகளிலும் துணைக்கு ஆளில்லாத நோயாளிகளைப் பார்த்துவரட்டும். ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளைகளுக்கு, எச்சமயத்தவராயினும், கணிதம் சொல்லிக்கொடுக்கட்டும். நெசவாளர் நூல் வாங்கக் கடன்படும் விதத்தையும், கரைவலைத் தொழிலாளியின் பங்குக் கணக்கையும் அறிந்துகொள்ளட்டும். நோன்பு காலத்தில் அயல்வீட்டாரின் நாள் எப்படிக் கழிகிறது, தீமிதிப்புக்கு விரதமிருப்பவரின் மனம் எப்படியிருக்கிறது என்பதைக் கேட்டறியட்டும். அசரியா தெலுங்கு கற்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைக்கு அயலாரின் மொழி பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. அயலாரின் மனத்தைத்தான் இனிக் கற்க வேண்டும்.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கான செலவை உள்ளூர்ச் சபையே தாங்க வேண்டும். வெளிநாட்டு உதவிக்கு விண்ணப்பம் எழுதுவதைவிட, நம் தாய்மார் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்த பழைய வழக்கம் மேலானது. தன் அரிசியால் வளர்த்த ஊழியரைச் சபை மறக்காது. ஊழியரும் சபைக்குக் கணக்குச் சொல்வார். பெண்பிள்ளைகளுக்கும் இதே வழி திறந்திருக்க வேண்டும். மகன் சொன்னால் ஜெபமும், மகள் சொன்னால் "முதலில் கல்யாணம் முடியட்டும்" என்ற பதிலும் இனி வேண்டாம்.

இது நற்செய்தியை நீர்த்துப்போகச் செய்யும் யோசனை என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். கிறிஸ்துவைப் பற்றிப் பேசக்கூடாதென்று நான் சொல்லவில்லை. கேட்பவர் நம்மை நம்பும் வரை நம் பேச்சு அவர் காதில் ஏறாது என்றே சொல்கிறேன். நாசரேத்தூரில் முப்பது வயது வரை அயலாரோடு வாழ்ந்து, தச்சுவேலை செய்த பின்பே இயேசு வெளியில் பேசத் தொடங்கினார். நம் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு அதிகமாகிவிடுமா?

இரண்டு ஆண்டு முடிவில் சிலர் ஆசிரியராகவும் தாதியாகவும் விவசாயியாகவும் இருக்கத் தீர்மானிக்கலாம். அதுவும் அழைப்பே; அவர்களையும் சபை வாழ்த்தட்டும். மற்றவர்கள் கல்லூரிக்குப் போகும்போது, மருதமுனையிலும் காரைதீவிலும் தம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வீடுகள் அவர்களுக்கு இருக்கும். அடுத்த சபைக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும், எந்தப் பிள்ளையின் அழைப்பை நாம் இவ்வாண்டு கேட்கப்போகிறோம் என்பதையும் ஒரு விடயமாக எடுத்துப் பேசுவோமாக.