துண்டு நிலங்களைத் தெருவாசிகளிடம் எழுதிக் கொடுங்கள்

நம் நகரங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் துண்டு நிலங்கள் ஏராளம். பறக்கும் ரயில் பாதையின் தூண்களுக்கு அடியிலும், கால்வாய்க் கரையிலும், மேம்பாலம் இறங்கும் முனையிலும் அவற்றைப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு அரசுத் துறை உரிமையாளராக இருக்கிறது, பராமரிக்கத்தான் ஆளில்லை. முதலில் ஒரு லாரி கட்டட இடிபாடு வந்து விழுகிறது, பிறகு குப்பை, அதன் பிறகு அங்கே நடக்கவே மக்கள் அஞ்சுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தைத் துப்புரவு செய்து தோட்டம் போட முன்வருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் தேவை மரக்கன்றோ பாராட்டோ அல்ல. இத்தனை ஆண்டுக்கு இந்த இடத்தில் நீங்கள் பயிர் செய்யலாம் என்ற எழுத்துபூர்வமான ஒப்பந்தமும், ஒரு தண்ணீர் இணைப்பும்தான். இவ்விரண்டையும் வழக்கமான நடைமுறையாக்குவது உள்ளாட்சிகளின் கடமை.

இது வெறும் அழகுபடுத்தும் வேலை என்று ஒதுக்குகிறவர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த ஆய்வைக் கவனிக்க வேண்டும். அங்கே 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றைச் சுத்தம் செய்து புல்லும் சில மரங்களும் நட்டுத் தாழ்வான வேலி போட்டார்கள். சிலவற்றைச் சுத்தம் மட்டும் செய்தார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 2018-இல் வெளியான முடிவுகளின்படி, வறுமை மிகுந்த பகுதிகளில் சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை சுமார் 29 சதவீதம் குறைந்தது. பசுமையாக்கிய இடங்களின் அருகே வசித்தவர்களிடம் மனச்சோர்வு உணர்வும் கணிசமாகக் குறைந்திருந்தது. நம் ஊரின் சிக்கல்கள் வேறுதான். ஆனாலும் கைவிடப்பட்ட நிலம் சுற்றியிருப்போரின் அச்சத்தையும் சோர்வையும் வளர்க்கிறது, பராமரிக்கப்படும் நிலம் அவற்றைக் குறைக்கிறது என்ற அடிப்படை எந்த ஊருக்கும் பொருந்தும்.

இந்தப் பராமரிப்பு நிலைக்க உரிமை எவ்வளவு அவசியம் என்பதற்கு நியூயார்க்கின் வரலாறு சான்று. 1973-இல் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் மன்ஹாட்டனில் குப்பை மண்டிய ஒரு மூலை மனையைத் தோட்டமாக்கினார்கள். மறு ஆண்டே மாநகரம் அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கு விட்டது. அந்தச் சிறு வாடகை ஆவணமே முன்மாதிரியாகி, 1978-இல் சமூகத் தோட்டங்களுக்கென்றே ‘கிரீன்தம்ப்’ என்ற அரசுத் திட்டம் உருவானது. ஆனால் நீண்டகாலப் பாதுகாப்பு இல்லாததன் விலையையும் அந்நகரம் பார்த்தது. 1999-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்ட மனைகளை ஏலம் விட மாநகர நிர்வாகம் முனைந்தபோது, அறக்கட்டளைகள் பணம் திரட்டி விலைக்கு வாங்கித்தான் அவற்றைக் காப்பாற்ற முடிந்தது. சிங்கப்பூர் தொடக்கத்திலேயே வேறு வழியில் சென்றது. அங்கே 2005 முதல் தேசியப் பூங்காக் கழகமே குடியிருப்பாளர்களின் தோட்டங்களுக்கு அனுமதியும் வழிகாட்டலும் தருவதால், அடுக்குமாடிகளின் ஓரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் வளர்ந்திருக்கின்றன.

நமக்கும் முன்மாதிரி உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டிக் குப்பை கொட்டும் இடமாகிப் போயிருந்த பொதுப்பணித் துறை நிலத்தை ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் மரப்பூங்காவாக வளர்த்திருக்கிறார்கள். நிலத்துக்கும் குறைவில்லை. தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளர்ச்சித் திட்டங்கள் நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாகப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். அப்படி வந்த நிலங்களில் பூங்கா அமைக்கப்படாமல் கிடப்பவற்றின் பட்டியலை வார்டு வாரியாக வெளியிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தன்னார்வலர்களின் ஆர்வம் சில மாதங்களில் வடிந்துவிடும் என்பார்கள். வடியக்கூடும்தான். அதற்காகத்தான் தனிநபரிடம் அல்லாமல் குழுவிடம், ஆண்டுதோறும் ஆய்வு செய்து புதுப்பிக்கும் ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும். பராமரிக்காவிட்டால் நிலம் துறையிடமே திரும்பிவிடும். நாளைக்கே இடித்துவிடுவார்களோ என்ற அச்சமில்லாதபோது உழைப்பவர்கள் நிலைப்பார்கள். ஆக்கிரமிப்புக்கு வழி திறந்துவிடாதா என்ற கேள்வி இதைவிட வலுவானது. வெற்றிடங்களில் கொடிக்கம்பமும் நிரந்தரக் கூரையும் முளைப்பது நாம் அறிந்ததே. ஆனால் அது பெரும்பாலும் யாருடைய பொறுப்பிலும் இல்லாத இடத்தில்தான் நடக்கிறது. கட்டுமானம் கூடாது, வாயிலைப் பூட்டக் கூடாது, விளைச்சலைத் தனியார் விற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுதி, எல்லையை வரைபடத்தோடு பலகையில் வைத்தால், நிலம் இன்றைவிடப் பாதுகாப்பாகவே இருக்கும். அதே வேளையில், அங்கே பிழைக்கும் தெருவோர வியாபாரிகளையும் தங்கியிருக்கும் ஏழைகளையும் துரத்தும் கருவியாகத் தோட்டம் மாறவே கூடாது. அவர்கள் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் விடுவதே முறை. தோட்டக் குழுவிலும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

மண்ணைப் பற்றிய கவலை நியாயமானது. நெரிசலான சாலையோர மண்ணில் பழைய பெட்ரோலின் ஈயமும் இடிபாட்டின் சுண்ணாம்பும் கலந்திருக்கலாம். மண்ணைச் சோதிக்காமல் கீரையும் கிழங்கும் போடக்கூடாது. சோதனை முடியும் வரை புங்கையும் பூவரசும் நடலாம். காய்கறி வேண்டுமென்றால் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் மக்கிய உரமும் நிரப்பி மேட்டுப்பாத்தி அமைக்கலாம். மழைக்காலத்தில் நட்ட கன்று முதல் இரண்டு கோடைகளைக் கடக்கத் தண்ணீர் கட்டாயம் தேவை. குடிநீருக்கே தட்டுப்பாடு வரும் நகரத்தில் அது சுத்திகரித்த கழிவுநீராக இருப்பதே பொருத்தம். இதைத் தெருவாசிகள் குடத்தில் சுமந்து தீர்க்க முடியாது. மாநகராட்சிதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இது அரசின் வேலையை மக்கள் தலையில் கட்டுவதல்ல. நிலம், நீர், மண் சோதனை, குப்பை அகற்றுதல் ஆகியவை அரசின் பொறுப்பாகவே தொடர வேண்டும்; மக்கள் தருவது அன்றாடக் கவனிப்பு மட்டுமே. அதை எந்த ஒப்பந்ததாரரிடமிருந்தும் விலைக்கு வாங்க முடியாது. நகர்ப்புறங்களில் இப்போது வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் சட்டப்படி இருக்கின்றன. அடுத்த பகுதி சபையில் உங்கள் தெருவின் கேட்பாரற்ற நிலம் எந்தத் துறைக்குச் சொந்தம் என்று கேளுங்கள். அதைத் தோட்டத்துக்கு ஒப்பந்தமாகத் தரும்படி தீர்மானம் கொண்டுவாருங்கள். மாநகராட்சிகளும் ஒவ்வொரு வார்டிலும் ஒரு துண்டு நிலத்தையாவது இவ்வாறு கொடுத்து இந்த மழைக்கு முன்பே தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, கையெழுத்திடும் மனம் இருந்தால் போதும்.